துணிக்கிடங்குக்காரி பிடித்த ஏழு கோட்டைகள்

மடிப்பக்காவின் கணவர் வீட்டை விட்டுப் போன அன்று அவள் அழவில்லை. ஒன்பது நாள் கழித்து அவருடைய தங்கை வந்து ஒரு பேச்சைச் சொல்லிவிட்டுப் போனாளே, அன்றும் அழவில்லை. அந்தப் பேச்சை அவள் விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. எட்டு மாதம் வாயிலேயே அடக்கி வைத்திருந்தாள். பிறகு என்ன செய்தாள் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். அதனால் சொல்கிறேன்.

நாங்கள் இருவரும் ஒரு ஆஸ்பத்திரியின் துணிக்கிடங்கில் வேலை பார்க்கிறோம். தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத நீளமான அறை. சலவை முடிந்த விரிப்பு, தலையணை உறை, நோயாளி அங்கி எல்லாம் எங்களிடம்தான் வரும். நான் இஸ்திரி உருளையில் நிற்பவள். அவள் மடித்து அடுக்கி, பதினோரு வார்டுக்கும் தள்ளுவண்டியில் பிரித்து அனுப்புபவள். அவள் மடித்த விரிப்பில் ஓரத்துக்கு ஓரம் ஒரு நூல் பிசகாது. மடிப்பக்கா என்ற பெயர் அப்படி வந்ததுதான். ஆனால் அவளுடைய நிஜமான கெட்டிக்காரத்தனம் மடிப்பில் இல்லை. எந்த வார்டில் எத்தனை மணிக்குத் துணி தீரும் என்று அவளுக்குத் தெரியும். "நாலாவது மாடியில ரெண்டு பேருக்கு வயிறு சரியில்லையாம். பத்தரைக்குள்ள கேப்பாங்க பாரு," என்பாள். பத்து இருபதுக்கு ஃபோன் அடிக்கும். அதற்குள் வண்டி பாதி வழி போயிருக்கும்.

கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நாங்கள் அவரை லிஃப்ட்காரர் என்போம். இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் கடைசிப் பன்னிரண்டு வருடம் அவர் வீட்டில் இருந்த நேரமெல்லாம் டிவிக்கு முன்னால்தான் கழிந்தது. கன்சோலில் ஒரு போர் விளையாட்டு. சும்மா சுட்டுத் தள்ளுகிற விளையாட்டு இல்லை. ஆறு, பாலம், காடு, கோட்டை என்று பெரிய வரைபடம் விரியும். படையைப் பிரித்து அனுப்ப வேண்டும், டாங்கிக்கு எரிபொருள் போய்ச் சேர வேண்டும், எதிரி எங்கே பதுங்கியிருக்கிறான் என்று மோப்பம் பிடிக்க வேண்டும். ஊர் உலகமெல்லாம் ஆட்கள் விளையாடினார்கள். லிஃப்ட்காரர் அதில் பெரிய புள்ளி. 'இரும்புப் படை' என்று பன்னிரண்டு பேர் கொண்ட அணிக்கு அவர்தான் தளபதி. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் காதில் மைக்கை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் குரல் தெருவரைக்கும் கேட்கும். அதே அறையில், சோபாவின் அடுத்த முனையில், மடிப்பக்கா வீட்டுத் துணிகளை மடித்துக்கொண்டிருப்பாள். என்ன இது என்று ஒரு தரம் கேட்டிருக்கிறாள். "உனக்குப் புரியாது, விடு," என்றாராம்.

கூட வேலை பார்த்த ஒரு பெண்ணோடு அவர் போய்விட்டார். இரண்டு பை எடுத்துக்கொண்டார். புது வீட்டில் புது கன்சோல் காத்திருந்ததால் பழையதை விட்டுவிட்டுப் போனார்.

ஒன்பதாம் நாள் நாத்தனார் வந்தாள், அண்ணனின் கருவிப் பெட்டியை எடுத்துப் போக. வந்தவள் சும்மா போகாமல், "அண்ணன் மேல மட்டும் தப்பு சொல்லாதீங்க அண்ணி. பேச ஒரு ஆளில்லாத வீட்ல எத்தனை வருஷம் இருக்கறதுன்னு கேக்கறாரு. உங்ககிட்ட பேசறதும் சுவத்துகிட்ட பேசறதும் ஒண்ணுதானாம். மூளைன்னு ஒண்ணு வேணாமாங்கறாரு," என்று ஒப்பித்துவிட்டுப் போனாள்.

மறுநாள் கிடங்கில் அக்கா வழக்கத்தைவிட வேகமாக மடித்தாள். மதியம் தேநீர் குடிக்கும்போது என்னிடம், "ஒருத்தருக்கு ரொம்ப வலிக்கணும்னா எங்க அடிக்கணும்?" என்று கேட்டாள். "போலீஸ் கீலீஸ்னு ஆயிடப் போகுது அக்கா," என்றேன். "சீச்சீ. அவரு உடம்பைத் தொட்டு என்ன ஆகப்போவுது? அவருக்கு எது உசுரோ அதைத் தொடணும்," என்றாள்.

அவளுக்கு வேலை காலை ஆறிலிருந்து இரண்டு வரை. அன்று மூன்று மணிக்கு வீட்டுக்குப் போய்க் கன்சோலின் தூசியைத் துடைத்தாள். மகள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். அவளை ஃபோனில் கூப்பிட்டு எந்தப் பொத்தான் எதற்கு என்று கேட்டாள். மகளுக்கு ஒரே சந்தோஷம். அம்மா துவண்டு போகாமல் எதிலோ மனதைச் செலுத்துகிறாளே என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். விளையாட்டில் என்ன பெயர் வைக்க என்று மகள் கேட்டபோது, "சுவர்னு போடு," என்றாள் அக்கா. "என்னம்மா பேரு இது?" "எனக்குப் பிடிச்சிருக்கு."

முதல் இரண்டு மாதம் அடி மேல் அடி. யாரைப் பார்த்தாலும் தோற்றாள். டாங்கியைத் திருப்பத் தெரியாமல் ஆற்றில் இறக்கினாள். தன் பீரங்கியால் தன் கோட்டையையே தூளாக்கினாள். எதிரில் விளையாடுகிற பொடியன்கள் மைக்கில் வாய்க்கு வந்தபடி கேலி செய்தார்கள். அவள் தன் மைக்கை ஒரு நாளும் திறந்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்குப் போவாள். கட்டை விரல் வீங்கி, கிடங்கில் துணிப் பட்டையைச் சுற்றிக்கொண்டு வேலை பார்த்தாள்.

மூன்றாவது மாதம் ஒரு நாள் வண்டி தள்ளிக்கொண்டே சொன்னாள்: "எல்லாரும் கோட்டையைப் பாக்கறானுங்க, டாங்கியைப் பாக்கறானுங்க. லாரியை எவனும் பாக்கறதில்ல." எனக்கு விளங்கவில்லை. "நம்ம வண்டி போகலைன்னா அறுவை அறை நடக்குமா? டாக்டர் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் பச்சைத் துணி இல்லாம கத்தியைத் தொட முடியாது. அங்கயும் அதேதான். எண்ணெய் லாரி எந்த வழியா, எத்தனை மணிக்கு வருதுன்னு தெரிஞ்சா போதும். டாங்கியை நான் ஏன் சுடணும்? தானா நிக்கும்."

அதற்குப் பிறகு அவள் ஏறினாள். தரவரிசையில் தொண்ணூறாயிரத்துச் சொச்சத்தில் கிடந்த பெயர் மாதாமாதம் மேலே வந்தது. அந்த விளையாட்டில் ஒரு விதி உண்டு. தரவரிசையில் உனக்கு மேலே இருபது இடத்துக்குள் இருப்பவரை ஒற்றைக்கு ஒற்றை மோதக் கூப்பிடலாம். லிஃப்ட்காரர் முந்நூறை ஒட்டி இருந்தார். அவரை நெருங்க அவளுக்கு எட்டு மாதம் பிடித்தது. இடையில் மகளிடம் ஃபோனில் பேசும்போது, அப்பா இப்போது எத்தனை மணிக்கு விளையாடுகிறார், புது வீட்டில் பொழுது எப்படிப் போகிறது என்று ஒப்புக்குக் கேட்பதுபோல் கேட்டு வைத்துக்கொள்வாள். மகள் வெகுளியாகச் சொல்வாள்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. உனக்கு ஒண்ணு காட்டறேன்," என்று அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

போனேன். சின்ன முன்னறை. சோபா, டிவி, மூலையில் மடித்து வைத்த துணிக் குவியல். அக்கா குளித்துத் தலைவாரி, வேலைக்குக் கிளம்புகிறவள்போல் தயாராக இருந்தாள். பத்து மணிக்கு 'சுவர்' என்ற பெயரில் கணவருக்குச் சவால் அனுப்பினாள். அரை நிமிடத்தில் ஏற்றுக்கொண்டார். அவருக்கு அந்தப் பெயரைப் பார்த்ததும் ஏதாவது உறைத்திருக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். ஒன்றுமே இல்லை. தங்கையிடம் சொன்னது அவருக்கே மறந்துபோயிருந்தது.

டிவியிலிருந்து அவர் குரல் வந்தது. "வாங்க சுவரு, வாங்க. இடிச்சுத் தள்ளிடலாம்."

எட்டு மாதம் கழித்து அந்த அறையில் அந்தக் குரல். நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். எந்த மாற்றமும் இல்லை.

ஏழு கோட்டைகள் உள்ள வரைபடம். அக்கா முதலில் வடக்கு மூலையில் இருந்த, எதற்கும் உதவாத ஒரு குட்டிக் கோட்டையைப் பத்து ஆட்களை வைத்துப் பிடித்தாள். "இதைப் பிடிச்சு என்ன பிரயோஜனம்?" என்றேன். "ஒண்ணுமில்ல. ஆனா அவருக்குப் பொறுக்காது. ஒரு தரம் பஸ்ல எவனோ இவர் குடையை மாத்தி எடுத்துட்டுப் போயிட்டான். ஓட்டைக் குடை. அதுக்கு அடுத்த ஊர் வரைக்கும் போய்ச் சண்டை போட்டுட்டு வந்தாரு. பாரு, இப்பப் பாதிப் படையைத் திருப்புவாரு."

திருப்பினார். அப்படியே, அவள் சொன்ன இடத்தில், அவள் சொன்ன நேரத்தில். படை வடக்கே நகர்ந்ததும் அக்கா தெற்குப் பாலத்தை உடைத்தாள். எண்ணெய் லாரிகள் அக்கரையில் வரிசையாக நின்றன. கால் மணி நேரத்தில் அவருடைய டாங்கிகள் சாலையில் செத்த மாடுபோல் கிடந்தன. ஒரு குண்டு வீணாக்காமல் இரண்டாவது கோட்டை, மூன்றாவது, நாலாவது. பதினொன்றரைக்குள் ஆறு கோட்டையும் அவள் கையில்.

ஏழாவதை அவள் தொடவில்லை. சுற்றி வளைத்துவிட்டுக் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"முடிச்சிடுங்க அக்கா," என்றேன்.

"இருக்கட்டும். கொஞ்ச நேரம் தவிக்கட்டும்."

ஒரு மணி நேரம். அவர் வெளியே வரப் பார்க்கும்போதெல்லாம் வாசலிலேயே அடித்து உள்ளே தள்ளினாள். முதலில் திட்டினார். பிறகு கத்தினார். அங்கே அந்தப் பெண் ஏதோ கேட்க, அவளிடமும் எரிந்து விழுந்தார். கடைசியில் அவர் குரல் இறங்கிப்போயிற்று. "யாருப்பா நீ? பன்னண்டு வருஷமா ஆடறேன், இப்படி ஒருத்தனைப் பார்த்ததில்லை. என்ன மூளைப்பா உனக்கு," என்றார்.

என் மனசு கொஞ்சம் இளகிவிட்டது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. மைக்கைத் திறந்து நான்தான் என்று சொல்லிவிடுவாள், அதோடு முடியும் என்று நினைத்தேன். அக்கா ஒரு நிமிடம் திரையைப் பார்த்தாள். பிறகு பீரங்கியைத் திருப்பி ஏழாவது கோட்டையைத் தரைமட்டமாக்கினாள்.

அடுத்த ஞாயிறு அவரே சவால் விட்டார். அதற்கடுத்த ஞாயிறும். நான்கு வாரம், நான்கு தோல்வி. ஒவ்வொரு முறையும் ஒரு கோட்டையை மிச்சம் வைத்து அவள் அவரைக் காக்க வைத்தாள். தளபதி மண்ணைக் கவ்வுவதைப் பார்த்து அவருடைய அணிக்குள் முணுமுணுப்பு கிளம்பியது. ஐந்தாவது வாரம் 'சுவர்' பெயருக்கு அவரிடமிருந்து செய்தி வந்தது. தம்பி, எங்கள் அணிக்கு வந்துவிடு, உன்னை மாதிரி ஆள் எதிரே இருப்பதைவிடப் பக்கத்தில் இருப்பது மேல் என்று எழுதியிருந்தார்.

அக்கா அதை இரண்டு தரம் படித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

சேர்ந்தாள். மைக் கெட்டுப்போயிருக்கிறது என்று எழுதி, எல்லா யோசனையும் எழுத்திலேயே சொன்னாள். ஆறு வாரத்தில் இரும்புப் படை தோற்ற ஆட்டம் ஒன்றுகூட இல்லை. அணியில் ஓட்டெடுப்பு வைத்தார்கள். புதுத் தளபதி சுவர் என்று முடிவாயிற்று. லிஃப்ட்காரரும் வேறு வழியில்லாமல் கையைத் தூக்கினார். தளபதிக்கு ஓர் அதிகாரம் உண்டு. யாரை வேண்டுமானாலும் அணியிலிருந்து நீக்கலாம்.

அந்த ஞாயிறு காலை பத்து மணிக்குப் பன்னிரண்டு பேரும் கூடியிருந்தபோது அக்கா மைக்கைத் திறந்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். இன்னிலேருந்து ஒருத்தரை அணியை விட்டு எடுக்கறேன்," என்று சொல்லி, கணவர் விளையாடுகிற பெயரை வாசித்தாள். வார்டுக்கு ஃபோனில் பேசுகிற அதே நிதானம்.

பெண் குரல் கேட்டு, சுவர் ஒரு பொம்பளையா என்று மற்றவர்கள் ஆளாளுக்குக் கேட்டார்கள். லிஃப்ட்காரர் மட்டும், "நீயா?" என்றார். மெதுவாகத்தான் கேட்டார்.

"நான்தாங்க."

"எத்தனை நாளா?"

"முதல் நாள்லேருந்து. வடக்குக் கோட்டையை மீட்கப் பாதிப் படையோட போனீங்களே, அன்னிலேருந்து. மூளையில்லாதவகிட்ட நாலு தரம் தோத்திருக்கீங்க. ஒரு தரம் தோத்தா தற்செயல்னு சொல்லிக்கலாம். நாலு தரத்துக்கு உங்க தங்கச்சிகிட்ட என்ன சொல்வீங்கன்னு யோசிச்சு வைங்க."

இருபத்திரண்டு வருடம் பேசிய அதே 'நீங்க'. ஒரு மரியாதையும் குறையவில்லை. அதைக் கேட்டபோது எனக்கே உடம்பு கூசியது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பெயரை நீக்கிவிட்டாள்.

மறுநாள் மூன்று மணிக்கு லிஃப்ட்காரர் மடிப்பக்காவின் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் உள்ளே இருந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்திருக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவரை உள்ளே கூப்பிடவில்லை.

"பன்னண்டு வருஷம் நான் வளர்த்த அணி அது," என்றார். முகம் வெளுத்திருந்தது. "நமக்குள்ள ஆயிரம் இருக்கும். அதையும் இதையும் முடிச்சுப் போடாதே. என்னை உள்ள எடு."

வீட்டை விட்டுப் போனதற்கு ஒரு வார்த்தை இல்லை. அணியில் இடம் போனதற்குத்தான் படியேறி வந்திருக்கிறார். அக்கா அதைக் கவனித்தாள். நானும் கவனித்தேன்.

"லாரி வேலைதான் காலியா இருக்கு," என்றாள்.

"லாரியா? நான் தளபதியா இருந்தவன்."

"இருந்தீங்க. இப்ப லாரிதான். சௌகரியப்பட்டா வாங்க."

வர மாட்டார் என்று நான் பந்தயம் கட்டியிருப்பேன். வந்தார். அடுத்த ஞாயிறு இரும்புப் படையின் முன்னாள் தளபதி எண்ணெய் லாரிகளை ஓட்டினார். அக்கா அவரைச் சதுப்பு நிலத்து வழியாகவே அனுப்பினாள். "சீக்கிரம் போங்க," "அங்க ஏன் நிக்கறீங்க," "சொன்னதை மட்டும் செய்யுங்க." மற்ற பதினோரு பேரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மூன்றாவது ஞாயிறு எதிரியின் பதுங்கு படையை வெளியே இழுக்க ஒரு தூண்டில் தேவைப்பட்டது. அவருடைய லாரிகளை ஒன்றும் சொல்லாமல் நேரே அதன் வாய்க்குள் அனுப்பினாள். எல்லாம் எரிந்தன. ஆட்டம் ஜெயித்தது. அவர் கத்தத் தொடங்கியதும் அவர் குரலை மட்டும் அடைத்துவிட்டு மற்றவர்களுக்கு அடுத்த உத்தரவைக் கொடுத்தாள்.

அதோடு அவர் வருவதை நிறுத்திக்கொண்டார். புது கன்சோலை யாருக்கோ கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டோம்.

அந்த வாரம் மகள் ஃபோன் செய்தாள். நாங்கள் கிடங்கில் இருந்தோம். உருளை ஓடிக்கொண்டிருந்ததால் அக்கா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்பா அழுதாரும்மா. நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை."

"அழட்டும்."

"ஜெயிச்சுட்டேல்ல. அணியையும் பிடுங்கிட்ட. அப்புறம் எதுக்கு மறுபடி உள்ள கூப்பிட்டு அடிச்ச?"

"ஒரு தரம் அடிச்சது பத்தலை."

"எந்தப் பொத்தான் எதுக்குன்னு சொல்லிக் குடுத்தது நான். அவர் எப்ப விளையாடறாருன்னு சொன்னதும் நான். நீ மனசு தேறி வர்றேன்னு நினைச்சு ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் பெருமையாச் சொன்னேன். என்னை வெச்சு எங்கப்பாவை அடிச்சிருக்கே," என்று சொல்லி மகள் ஃபோனை வைத்துவிட்டாள்.

அதன்பின் ஐந்து வாரம் மகளிடமிருந்து ஃபோன் இல்லை. அக்கா வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த நாட்களில் ஒரு தரம் ஆறாவது வார்டுக்குப் போக வேண்டிய வண்டி எட்டாவதுக்குப் போயிற்று. நான் பார்த்து அப்படி நடந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைக்கூட இரண்டு தரம் தவிர்த்தாள். தளபதியைக் காணோமே என்று அணிக்காரர்கள் செய்தி மேல் செய்தி அனுப்பினார்கள்.

ஐந்தாவது வாரக் கடைசியில் அவளே மகளைக் கூப்பிட்டாள். நான் துணி எண்ணுவதுபோல் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"உங்கப்பாகிட்ட நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன். அதை எதிர்பார்க்காதே. அவருக்குச் செஞ்சது எனக்குக் குறைவாத்தான் தோணுது," என்று ஆரம்பித்தாள். "ஆனா உன்கிட்ட சொல்லாம உன்னைப் பயன்படுத்திக்கிட்டேன். அது தப்பு. மகளா நினைக்காம ஆள்காட்டியா நினைச்சுட்டேன்."

அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்று கேட்கவில்லை. அக்கா நெடுநேரம் "ம்" கொட்டினாள். பிறகு, "உனக்கு எது சௌகரியமோ அப்ப வா," என்றாள். மகள் அடுத்த மாதம் வந்து நான்கு நாள் இருந்தாள். அப்பா பேச்சை இருவரும் எடுக்கவில்லை என்று அக்கா சொன்னாள். விளையாட்டுப் பக்கம் மகள் தலைவைத்தும் படுக்கவில்லை. முன்பு தினமும் வந்த ஃபோன் இப்போது வாரத்துக்கு இரண்டு தரம் வருகிறது. அது பழையபடி ஆகுமா என்று எனக்குத் தெரியாது.

விவாகரத்துத் தாள்கள் வந்தபோது அக்கா மடிப்பு மேசையில் வைத்தே கையெழுத்துப் போட்டாள். இரண்டாம் வார்டுக்கு வண்டி கிளம்ப இன்னும் பத்து நிமிடம் இருந்தது; அதற்குள் முடித்துவிட்டாள். இரும்புப் படை இப்போது தரவரிசையில் ஒன்பதாவது அணி.

போன வாரம் அவளிடம் நேராகவே கேட்டேன். "மனசு ஆறிடுச்சா அக்கா?"

"எங்க ஆறுது. ஆனா நல்லாத் தூக்கம் வருது."

"அவர் திரும்பவும் விளையாட வந்தா?"

விரிப்பின் இரண்டு முனையை என்னிடம் நீட்டினாள். பெரிய விரிப்புகளை இரண்டு பேர் பிடித்துத்தான் மடிக்க வேண்டும்.

"வரட்டுமே," என்றாள். "இழுத்துப் பிடி, சுருக்கம் விழுது."